பூவும் சேவலும்: பாரிஸில் ஓர் அண்ணன் தம்பி சினிமாக் கதை

செவ்வாய், ஓபரா பக்கம்

பாரிஸுக்கு வருகிறவர்கள் முதலில் ஐஃபில் கோபுரத்துக்குப் போவார்கள். எனக்கும் ஐஃபிலோடு ஒரு வேலை இருக்கிறது, ஆனால் அது கோபுரத்தில் இல்லை. அவர் பணம் போட்ட ஒரு சினிமாக் கம்பெனியைத் தேடித்தான் வந்திருக்கிறேன். கோமோன். 130 வயதாகிவிட்டது. உலகத்திலேயே இன்னும் நடந்துகொண்டிருக்கும் சினிமாக் கம்பெனிகளில் மூத்தது நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

தங்கியிருப்பது வடக்குப் புறநகரான சார்செலில், பெரியப்பா வீட்டில். பெரியப்பா புதுச்சேரிக்காரர். இளம் வயதில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இங்கே வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். ஊரில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். காலையில் ரொட்டியும் காபியும் கொடுத்துவிட்டு, “எங்கடா போறே, லூவ்ருக்கா?” என்று கேட்டார். கோமோன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “அதுக்கு ஏன் ஏரோப்ளேன் ஏறி வந்தே, அவங்க படம் டிவியிலயே வருதே” என்றார்.

முதலில் கப்பூசின் பெருவீதி, 14ஆம் எண். இப்போது அது ஸ்க்ரிப் என்கிற ஓட்டலோடு சேர்ந்த கட்டடம். 1895 டிசம்பர் 28ஆம் தேதி இதன் அடித்தளத்தில்தான் லூமியேர் சகோதரர்கள் ஆளுக்கு ஒரு ஃப்ராங்க் வாங்கிக்கொண்டு 33 பேருக்குப் படம் காட்டினார்கள். சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. சினிமா பிறந்த நாள் என்று உலகம் கொண்டாடுவது அதைத்தான்.

கோமோன் கம்பெனியோ அதே வருடம் ஆகஸ்ட் 10ஆம் தேதியே பதிவாகிவிட்டது. அதாவது முதல் டிக்கெட் விற்பதற்கு நாலு மாதம் முன்பே சினிமாக் கம்பெனி தயார். எப்படி? லியோன் கோமோன் நடத்தியது அப்போது சினிமாக் கம்பெனியே அல்ல, கேமராவும் லென்ஸும் விற்கிற கடை. அந்தக் கடை இருந்த சேன் ரோஷ் தெரு இங்கிருந்து நடந்து போகிற தூரம். போய்ப் பார்த்தேன். ஒடுக்கமான தெரு, ஜப்பானிய சாப்பாட்டுக் கடைகள் நிறைய. 57ஆம் எண் வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

கடையின் முதலாளி ஃபெலிக்ஸ்-மாக்ஸ் ரிஷார். கூடப்பிறந்தவரான ஜூலோடு வியாபாரத் தகராறு, கோர்ட்டு, தோல்வி. கடையை விற்க வேண்டிய நிலை. அங்கே மேலாளராக இருந்த கோமோனிடம் சொந்தமாக வாங்கப் பணமில்லை. மோன் பிளான் மலையில் ஆய்வுக்கூடம் நடத்திய ஜோசப் வல்லோ, பணக்காரர் அல்ஃப்ரெத் பெஸ்னியே, அப்புறம் நம் குஸ்தாவ் ஐஃபில் ஆகியோர் பணம் போட்டார்கள். ஆக, இந்தக் கம்பெனி தொடங்கியதே ஒரு சகோதரச் சண்டையில்தான்.

பின்னால் இதற்குள் இன்னொரு சகோதரக் கதை வருகிறது. அது சண்டையா சமாதானமா என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை. அந்த அண்ணனின் கட்டடம் இதே பெருவீதியின் 2ஆம் எண்ணில் இருக்கிறது: பத்தே (Pathé) என்ற போட்டிக் கம்பெனியின் பத்தே பாலஸ். ஒரு காலத்தில் நாடகக் கொட்டகை, பிறகு பாரமவுண்ட் தியேட்டர், பிறகு கோமோன் ஓபரா. கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ புதுப்பித்துக் கொடுத்து 2024 ஜூலையில் ஏழு திரைகளோடு திறந்தார்கள். கோமோன் பெயர் போய் பத்தே பெயர் ஏறிவிட்டது. டிக்கெட் விலையைப் பார்த்ததும் உள்ளே போகிற ஆசையும் இறங்கிவிட்டது.

கதைச் சுருக்கம் இது. ஜெரோம் செதூ, நிக்கோலா செதூ இருவரும் அண்ணன் தம்பி. அம்மா வழித் தாத்தா மார்செல் ஷ்லம்பெர்ஜே, எண்ணெய்க் கிணறுகளை மின்சாரத்தால் சோதிக்கும் முறையைத் தன் அண்ணனோடு சேர்ந்து கண்டுபிடித்து உலகக் கம்பெனி ஆக்கியவர். அந்தப் பணத்தில் வளர்ந்த பேரன்களில் தம்பி நிக்கோலா 1970களின் நடுவில் கோமோனைக் கையில் எடுத்தார். அண்ணன் ஜெரோம் 1990இல் பத்தேயை வாங்கினார். நூறு வருடப் போட்டிக் கம்பெனிகள் இரண்டும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டன. கோமோனின் சின்னம் டெய்சிப் பூ, லியோனின் அம்மா பெயர் மார்கரீத் என்பதால். பத்தேயின் சின்னம் சேவல்.

மூன்றாவதாக மிஷெல் என்று ஒரு தம்பியும் உண்டு. அவரும் படத் தயாரிப்பாளர்தான். லில் கால்பந்து அணியின் தலைவராகப் பல வருடம் இருந்தவர். நடிகை லெயா செதூ, ஜெரோமின் பேத்தி. குடும்ப மரம் வரைய உட்கார்ந்தால் பேப்பர் போதாது.

புதன், ப்ளாஸ் த கிளிஷி

இன்று பார்க்கப் போனது இல்லாத ஒரு கட்டடத்தை.

மோன்மார்த்ரு குன்றின் அடிவாரத்தில், கோலன்கூர் தெரு தொடங்குகிற இடத்தில், 1900 உலகக் கண்காட்சி சமயத்தில் ஒரு குதிரை சர்க்கஸ் அரங்கம் கட்டினார்கள். 1911இல் கோமோன் அதை சினிமாக் கொட்டகை ஆக்கினார். 3,400 இருக்கைகள். 1931இல் மறுபடி இடித்துக் கட்டியபோது 6,000. ஐரோப்பாவில் அதைவிடப் பெரிய தியேட்டர் கிடையாது. பெயர் கோமோன் பாலஸ்.

இப்போது அந்த மனையில் இருப்பது ஒரு ஓட்டலும் காஸ்டோராமா கடையும். காஸ்டோராமா என்றால் பெயிண்டு, டிரில், குளியலறைக் குழாய் விற்கிற பெரிய கடை. உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றினேன். திரை இருந்த இடத்தில் அநேகமாக இப்போது டைல்ஸ் அடுக்கியிருக்கும். வெளியே வந்து எதிர்த் திசையில் சதுக்கத்தைப் பார்த்தால் பத்தே வெப்ளர் தியேட்டரில் விளக்கு எரிகிறது. இந்தச் சதுக்கத்தில் தம்பி கம்பெனியின் அடையாளம் எதுவும் மிச்சமில்லை, அண்ணனுடையது ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் தம்பியைக் குறை சொல்ல முடியாது. பாலஸை மூடியது 1972இல். செதூ குடும்பம் வருவதற்கு முன்பே இடித்தாயிற்று. 6,000 பேருக்கான கூடத்தை வாரநாள் பகல் காட்சியில் எப்படி நிரப்புவது? அறுபதுகளில் டிவி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. நடு பாரிஸில் அந்த அளவு மனை என்றால் கட்டட வியாபாரி கொடுக்கிற விலைக்கு எந்தப் படத்தின் வசூலும் ஈடாகாது. நம் ஊரில் கல்யாண மண்டபமாகவும் மாலாகவும் மாறிய தியேட்டர்களின் கணக்கும் இதே கணக்குதான்.

இரவு பெரியப்பாவிடம் சொன்னேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான் அங்க படம் பார்த்திருக்கேன்டா.” வந்த புதிதில், லீவு நாளில், பாரக்கிலிருந்து கூட்டாளிகளோடு போனாராம். 1962இலேயே அங்கே சினிராமா திரை போட்டுவிட்டார்கள். வளைந்த திரை, கண்ணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படமே ஓடும். “என்ன படம்?” என்று கேட்டேன். “படம் யாருக்கு ஞாபகம் இருக்கு? உள்ள சூடு இருந்துச்சு. வெளிய பனி. அதுக்கே ரெண்டு தடவை போனோம்” என்றார்.

பெரியம்மா சமையலறையிலிருந்து, “சூடுக்குப் போன ஆளு, எனக்கு மட்டும் வேற கதை சொன்னாரு” என்றார். மேலே கேட்கவில்லை.

வியாழன், பெல்வில் மேடு

இந்தப் பயணத்தில் நான் எதிர்பார்த்து வந்த நாள் இதுதான்.

பூத் ஷோமோன் பூங்காவை ஒட்டி, ஆலுவெத் தெரு, கார்துச்சி தெரு என்று மேடும் பள்ளமுமாகப் போகிற பகுதி. இங்கேதான் கோமோன் தன் பட்டறைகளையும், 1905இல் கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டுடியோவையும் கட்டினார். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய ஸ்டுடியோ. மின்விளக்கு போதாத காலம், சூரியனை நம்பித்தான் படப்பிடிப்பு. அதனால்தான் கண்ணாடி. கேமரா செய்வது, படம் எடுப்பது, பிலிம் கழுவுவது, பிரிண்ட் போடுவது எல்லாம் ஒரே வளாகத்தில். தன் பெயரின் முதல் எழுத்துகளான எல், ஜி இரண்டையும் பிரெஞ்சில் உச்சரிக்கிற மாதிரியே எழுதி சித்தே எல்ழே என்று வளாகத்துக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்.

இங்கேயும் ஒன்றும் இல்லை. 1950களில் தொலைக்காட்சி ஸ்டுடியோ ஆனது. ஒரு தலைமுறை பிரெஞ்சுக்காரர்களுக்கு பூத் ஷோமோன் என்றாலே டிவி நாடகம்தான். 1990களில் அதையும் மூடி இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பால்கனிகளில் சைக்கிளும் தொட்டிச் செடியும். ஒரு பாட்டி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். காலி சுவரைப் படம் எடுக்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

ஆனால் இங்கே நடந்த வேலை லேசுப்பட்டதல்ல. முதலில் அலிஸ் கி. கேமராக் கடையில் கோமோனின் செக்ரட்டரியாகச் சேர்ந்த பெண். லூமியேர் படங்களைப் பார்த்துவிட்டு, ரயில் வருவதும் தொழிலாளர்கள் வெளியே போவதுமாக எத்தனை நாள் காட்டுவது, நான் கதை எடுக்கிறேனே என்று முதலாளியிடம் கேட்டார். அலுவலக வேலை கெடாமல் பார்த்துக்கொள் என்று அனுமதி கிடைத்தது. அவரே பின்னாளில் எழுதியிருப்பது இது. முதல் படம் 1896 என்று சொல்வார்கள், முட்டைக்கோஸ் தோட்டத்தில் குழந்தைகளை எடுத்துத் தருகிற தேவதை பற்றியது. உலகின் முதல் பெண் இயக்குநர். 1907 வரை கோமோனின் மொத்தத் தயாரிப்பும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கல்யாணமாகி அமெரிக்கா போய் அங்கே சொந்தமாக சோலாக்ஸ் என்ற கம்பெனி நடத்தினார். 1930இல் கோமோன் கம்பெனி தன் வரலாற்றை வெளியிட்டபோது அதில் அவர் பெயரே இல்லை. திருத்துகிறேன் என்று கோமோன் ஒப்புக்கொண்டார், திருத்தம் அச்சேறுவதற்குள் 1946இல் இறந்துவிட்டார். குடும்பக் கம்பெனிகளில் குடும்பத்துக்கு வெளியே இருப்பவர் செய்த வேலைக்கு என்ன ஆகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அலிஸ் கி இங்கே எடுத்தவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை பேசும் படங்கள், இல்லை, பாடும் படங்கள். கோமோனின் க்ரோனோஃபோன் இயந்திரத்துக்காக எடுத்தவை. பாடகரின் குரலை முதலில் இசைத்தட்டில் பதிவார்கள். பிறகு தட்டை ஓடவிட்டு, பாடகர் அதற்கு வாயசைக்க, கேமரா சுற்றும். கொட்டகையில் கிராமபோனையும் புரொஜெக்டரையும் மின்சாரத்தால் இணைத்து ஒரே வேகத்தில் ஓட்டுவார்கள். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். பிளேபேக்.

குரல் பெரிய கூடத்துக்குப் போதவில்லை என்று அழுத்தப்பட்ட காற்றால் ஒலியைப் பெருக்கி க்ரோனோமெகாஃபோன் என்று ஒன்றும் செய்தார்கள். மெட்ராஸில் ஸ்டில் ஸ்டுடியோ வைத்திருந்த ரகுபதி வெங்கையா, ஸ்டுடியோவை அடமானம் வைத்து அந்த மெஷினை வரவழைத்தார். 1910 வாக்கில் சென்ட்ரல் பக்கத்து விக்டோரியா பப்ளிக் ஹாலில் காட்டினார். பிறகு இலங்கை, பர்மா வரை மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். மெட்ராஸில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமாக் கொட்டகையான கெயிட்டியும் அவருடையதுதான். பெல்வில் மேட்டின் கம்பெனிச் சரக்கு அந்தக் காலத்திலேயே நம் பார்க் டவுன் வரை வந்திருக்கிறது. அந்த அடுக்குமாடி வாசலில் நின்று இதை யோசித்தபோது, சும்மா சொல்லக் கூடாது, சந்தோஷமாக இருந்தது.

அலிஸ் கிக்குப் பிறகு லூயி ஃபெயாத். நூற்றுக்கணக்கான படங்கள். 1913இல் தொடங்கிய ஃபாந்தோமா வரிசை அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. முதல் உலகப் போர் வந்தது, அமெரிக்கா முந்தியது. பேசும் படம் நிஜமாகவே வந்தபோது, அதற்காக முப்பது வருடம் முயன்ற கோமோனிடம் அதற்குச் செலவழிக்கப் பணம் இல்லை. 1930இல் வேறு இரண்டு கம்பெனிகளோடு இணைத்தார்கள். லியோன் ஒதுங்கிக்கொண்டார். சில வருடங்களில் இணைந்த கம்பெனியும் திவால். 1938இல் புதுக் கம்பெனியாக மறுபடி எழுப்பினார்கள், ஆனால் அது கோமோன் வீட்டுச் சொத்தாக இல்லை. மகன்கள் இருந்தும் கம்பெனி அவர்கள் கைக்குப் போகவில்லை.

அதனால் கோமோனைக் குடும்பக் கம்பெனி என்று சொல்லும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. பெயர் ஒரு குடும்பத்துடையது, கம்பெனி வேறு குடும்பத்துடையது.

மாலையில் மேட்டின் உச்சிக்கு ஏறி, தெலெகிராஃப் மெட்ரோ பக்கத்தில் இருக்கும் பெல்வில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். லியோன் கோமோனின் கல்லறை அங்கேதான். தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. முழங்கால் இரண்டும் புகார் சொல்கின்றன, இன்றைக்கு இவ்வளவு போதும்.

வெள்ளி, நுயி

மெட்ரோ முதலாம் எண் தடத்தில் மேற்கே. நுயி-சுர்-சேன் பணக்காரர்கள் ஊர். சார்ல் த கோல் அவென்யூ 30ஆம் எண்ணில் கோமோனின் தலைமை அலுவலகம். சுற்றுலாப் பயணிக்கு அங்கே ஒன்றும் இல்லை. எதிரே ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, ஒரு எஸ்ப்ரெசோவை ஒரு மணி நேரம் குடித்தேன்.

இந்த அலுவலகத்தின் தலைமைக் கதையை இங்கே எழுதிவிடுகிறேன். நிக்கோலா செதூ சட்டமும் பொருளாதாரமும் படித்தவர், நிதித் துறையில் வேலை பார்த்தவர். கோமோனுக்கு வந்தபோது சினிமா ரசனைக்காகத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டவர் தானியேல் தொஸ்கான் து ப்ளாந்தியே. கணக்குக்கு ஒருவர், கனவுக்கு ஒருவர். தொஸ்கான் இத்தாலிய இயக்குநர் ஃபெலினியை அழைத்தார், ஜோசப் லோசியை வைத்து மொஸார்ட்டின் ஓபராவைப் படமாக்கினார், இத்தாலியில் கிளை திறந்தார். புகழ் குவிந்தது, பணமும் கரைந்தது. 1985இல் அவர் போனார். அதன் பிறகு கோமோனின் பிழைப்பை நகைச்சுவைப் படங்களும் இயக்குநர் லுக் பெஸ்ஸோனும் பார்த்துக்கொண்டார்கள். தொஸ்கான் காலத்தை வீண் செலவு என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்றைக்குக் கோமோனின் கிடங்கில் இருப்பவற்றில் மதிப்புள்ள பலவும் அந்த ஊதாரித்தனத்தில் வந்தவை.

2004இல் நிர்வாகக் குழுவின் தலைமை நிக்கோலாவின் மகள் சிடோனி துமாவிடம் வந்தது. இன்றும் கம்பெனியை நடத்துவது அவர்தான். அப்பா காலத்தில் கோமோன் என்றால் தியேட்டரும் படமும். மகள் காலத்தில் கார்ட்டூன் கம்பெனி ஒன்றை வாங்கினார்கள், 2011இல் லாஸ் ஏஞ்சலிஸில் டிவி தொடர் எடுக்க அலுவலகம் போட்டார்கள். நெட்ஃபிளிக்ஸில் நார்கோஸ் பார்த்தவர்கள், லூப்பன் பார்த்தவர்கள் எல்லாருமே கோமோன் சரக்கைப் பார்த்தவர்கள்தான்.

தியேட்டர்? 2001இல் அண்ணனும் தம்பியும் தங்கள் தியேட்டர்களை ஒரே கம்பெனியாக இணைத்தார்கள். பத்தேக்கு 66 சதவீதம், கோமோனுக்கு 34. 2017இல் அந்த 34ஐயும் 38 கோடி யூரோவுக்குத் தம்பி கம்பெனி அண்ணன் கம்பெனிக்கே விற்றுவிட்டது. வந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்துப் பங்கு ஒன்றுக்கு 75 யூரோ என்று வெளியாரின் பங்குகளைத் திரும்ப வாங்கினார்கள். அதன் பிறகு கம்பெனியில் குடும்பத்தின் பிடி 90 சதவீதத்தை நெருங்கிவிட்டது.

என் கணக்கு இது: தியேட்டரைக் கொடுத்துக் கம்பெனியை வாங்கிக்கொண்டார்கள். மூன்று வருடத்தில் கொரோனா வந்து பிரான்ஸ் முழுவதும் தியேட்டர்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது கோமோன் கையில் தியேட்டர் இல்லை, படங்கள் இருந்தன. தீர்க்கதரிசனம் என்று சொல்ல மாட்டேன், கொரோனாவை யார் கண்டார்? ஆனால் எதை விற்பது, எதை விற்கக் கூடாது என்பதில் தெளிவு இருந்திருக்கிறது. 1930இல் லியோனுக்கு இல்லாமல் போனது அதுதான். அவர் கேமரா, ஸ்டுடியோ, லேப், தியேட்டர் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிரான்ஸில் இப்படிப்பட்ட கம்பெனிகள் பிழைக்க இன்னொரு காரணமும் உண்டு. விற்கிற ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் வரி. அது பொதுக் கஜானாவுக்குப் போகாமல் சிஎன்சி என்ற சினிமா வாரியத்துக்குப் போகிறது. அங்கிருந்து தயாரிப்பாளர்களுக்கு, அவரவர் படம் ஓடிய அளவைப் பார்த்து, அடுத்த படத்துக்கான பணமாகத் திரும்பி வருகிறது. ஹாலிவுட் படம் ஓடினாலும் அந்த டிக்கெட்டின் வரியில் பிரெஞ்சுப் படம் எடுக்கலாம். நம் ஊர் கேளிக்கை வரியிலிருந்து எந்தத் தயாரிப்பாளருக்கும் அடுத்த படம் எடுக்கப் பணம் வந்ததாக நான் கேட்டதில்லை.

சனி, கோபெலின்

அண்ணன் தன் பணத்தை எங்கே போட்டார் என்று பார்க்க, கோபெலின் அவென்யூ 73ஆம் எண். தெருவிலிருந்து பார்த்தால் பழைய நாடகக் கொட்டகையின் முகப்பு. இளம் வயதில் ரோதன் செதுக்கிய சிலைகள் அதில் இருக்கின்றன. முகப்பைத் தாண்டி உள்ளே போனால் கண்ணாடியும் தகடுமாக வளைந்து, முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒரு கட்டடம். இதுவும் ரென்சோ பியானோதான், 2014. ஜெரோம் செதூ–பத்தே அறக்கட்டளை. தலைவி ஜெரோமின் மனைவி சோஃபி செதூ.

உள்ளே பழைய கேமராக்களும் புரொஜெக்டர்களும் வரிசையாக. கையால் சுற்றுகிற பத்தே மெஷின்களின் முன்னால் நெடுநேரம் நின்றேன். 1905இல் திருச்சியில் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து மெஷினையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிய ரயில்வே குமாஸ்தா சாமிக்கண்ணு வின்சென்ட் தோளில் தூக்கிப் போனதும் இப்படி ஒரு பெட்டியாகத்தான் இருந்திருக்கும்.

கீழே சின்ன அரங்கம். மௌனப் படம் ஓட, பக்கத்தில் ஒருவர் பியானோ வாசித்தார். பார்வையாளர்களில் பாதிப் பேர் பெரியப்பா வயது. ஒரு பையன் மட்டும் விடாமல் சிரித்துக்கொண்டே இருந்தான், அவனைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணனுக்குக் கட்டடத்தின் மேல் ஆசை, அது தெரிகிறது. ஆனால் இருவரையும் ரொம்பப் பிரித்துப் பேசவும் முடியாது. 2008இல் பத்தே வெளியிட்ட, வடக்குப் பிரான்ஸ் தபால் ஆபீஸ் நகைச்சுவைப் படம் ஒன்று பிரான்ஸில் 2 கோடியே 4 லட்சம் டிக்கெட் விற்றது. பிரெஞ்சுப் படங்களில் அதுதான் உச்சம். 2011இல் கோமோன் வெளியிட்ட, சக்கர நாற்காலிப் பணக்காரரும் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த இளைஞனும் பற்றிய படம் 1 கோடியே 94 லட்சம். அண்ணன் முதலிடம், தம்பி இரண்டாமிடம். தம்பியின் படத்தை நமக்குத் தெரியும். கார்த்தியும் நாகார்ஜுனாவும் நடித்த ‘தோழா’ அதன் மறு ஆக்கம்தான்.

சாயங்காலம் வேறொரு குடும்பத்தின் வீட்டுக்கும் போனேன், வில்லெத் நீர்நிலைக் கரைக்கு. எம்கே2 கம்பெனி. ருமேனியாவில் பிறந்து சிறுவனாகப் பிரான்ஸ் வந்த மரின் கார்மிட்ஸ் 1974இல் தொடங்கியது, இப்போது மகன்கள் நதனியேலும் எலிஷாவும் நடத்துகிறார்கள். போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் மூவண்ணப் படங்களைத் தயாரித்தவர்கள். நீர்நிலையின் இரு கரையிலும் அவர்களுக்குத் தியேட்டர். அந்தக் காலத்தில் போதை வியாபாரத்துக்குப் பேர் போன இடம் இது, 1996இல் இங்கே போய் யார் படம் பார்ப்பார்கள் என்று கேட்டார்களாம். இப்போது கரையில் உட்கார இடமில்லை. இந்தக் கரையில் டிக்கெட் வாங்கியவர்களை அந்தக் கரைக்குக் கொண்டுபோக ஒரு குட்டிப் படகும் விட்டார்கள். நான் பாலத்தில் நடந்தே போய்விட்டேன்.

ஞாயிறு, நொஜான்

பெரியப்பாவும் கூட வந்தார். கோமோன் பாலஸில் ஒரு பெரிய ஆர்கன் இருந்தது. இடைவேளையில் தரைக்குக் கீழிருந்து எழும்பி வந்து வாசிப்பார்கள். கட்டடத்தை இடித்தபோது அது தப்பித்து, கிழக்கே நொஜான்-சுர்-மார்ன் ஊரில் பல்தார் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மண்டபமே நடு பாரிஸின் பழைய உணவுப் பொருள் சந்தையிலிருந்து பெயர்த்து வந்தது. இடிபட்ட இரண்டில் மிஞ்சியவை ஒன்றாக இருக்கின்றன.

போனபோது பூட்டியிருந்தது. நிகழ்ச்சி இருந்தால்தான் திறப்பார்களாம். பெரியப்பா கம்பிக்கு அருகில் போய் எட்டிப் பார்த்து, “இதுக்குத்தான் ரெண்டு ரயில் மாத்தி வந்தோமா” என்றார். பிறகு மார்ன் ஆற்றங்கரையில் பெஞ்சில் உட்கார்ந்து, பெரியம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தைப் பிரித்தோம். 38 கோடிக் கதையைச் சொன்னேன்.

“தியேட்டர வித்தவன் சினிமாக்காரனாடா?”

“படத்த வச்சிருக்காங்களே பெரியப்பா.”

“படம் பெட்டியில இருந்தா? ஜனங்க எங்க போய்ப் பார்ப்பாங்க?”

“அதான் நீங்களே சொன்னீங்களே, டிவியில வருதுன்னு.”

அதற்கு அவரிடம் பதில் இல்லை, ஊறுகாயை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். திரும்பும்போது ரயிலிலேயே போனை எடுத்து, கிளிஷி சதுக்கத்துப் பத்தே வெப்ளரில் இரவுக் காட்சிக்கு மூன்று டிக்கெட் போட்டார். படம் கோமோன் வெளியீடு. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆளுக்குக் கொஞ்சம் போகும் என்றேன். பத்தேமுக்கால் சதவீதத்தை அரசாங்க வாரியம் எடுக்கிறதே, அதையும் சேர்த்துச் சொல் என்றார். பெரியம்மா ஏழு மணிக்கு கார் து நோர் ஸ்டேஷனில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்வெட்டர் மறக்காதே என்று எனக்கு மெசேஜும் வந்துவிட்டது.